கான்வாஸ் பூத்தையல்: கட்டங்களைக் கம்பளியால் மூடும் கலை

கான்வாஸ் பூத்தையலில் துணி கண்ணில் படவே கூடாது. கட்டம் கட்டமாக நெய்த மேட்டித் துணியில் குறுக்குத் தையல் போட்டுப் பழகியவர்கள் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டிய வேறுபாடு இதுதான். மேட்டியில் பூவையும் கொடியையும் தைத்துவிட்டு, சுற்றியுள்ள வெண்பரப்பை அப்படியே விட்டுவிடுகிறோம். துணியே படத்துக்குப் பின்னணியாகிவிடுகிறது. கான்வாஸோ கஞ்சி ஏற்றி விறைப்பாக்கிய, சல்லடைபோல் கண் திறந்த வலைத்துணி. பூ, பின்னணி, ஓரம் என்று எல்லாவற்றையும் கம்பளியாலோ பட்டாலோ மூடிய பிறகுதான் அது பயன்படும் பொருளாகிறது. மூடி முடித்த பின் கையில் இருப்பதை ஊசியால் நெய்த ஒரு புதிய துணி என்றே சொல்லலாம். நாற்காலி இருக்கை, தேவாலயத்தில் முழந்தாளிடும் மெத்தை, மேசை விரிப்பு எனத் தினமும் தேய்மானம் காணும் பொருள்களுக்கு ஐரோப்பியர் இந்த வேலையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதுவே.

அந்தப் புதிய துணிக்கு வலுவைத் தருவது பின்புறம் என்பதைத்தான் இதைக் கற்க வருபவரிடம் நான் முதலில் சொல்வேன். அங்குலத்துக்கு 12 இழை உள்ள கான்வாஸை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு இழைகள் சந்திக்கும் இடத்தின் மேல் சாய்வாக விழும் ஒரு தையலுக்கு முன்பக்கம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நூல் செலவாகும். அடுத்த தையல் தொடங்கும் கண்ணுக்கு ஊசி பின்பக்கமாகப் போய்ச் சேர, தைக்கும் முறையைப் பொறுத்து, 2 மில்லிமீட்டரும் செலவாகலாம், 4 மில்லிமீட்டருக்கு மேலும் செலவாகலாம். நல்ல முறையில் தைத்த வேலையில், பார்ப்பவர் காணாத பக்கத்தில்தான் அதிக நூல் இருக்கிறது. உட்காரும்போதும் சாயும்போதும் வருகிற பாரத்தைத் தாங்குவது அந்த மறைவான கம்பளிப் படுகையே. நம் நீலகிரியில் தோடர் பெண்கள் படம் எதுவும் வரையாமல், இழைகளை எண்ணி, துணியின் பின்பக்கத்திலிருந்தே தங்கள் போர்வைகளில் பூவேலை செய்கிறார்கள். நுட்பம் வேறு, துணி வேறு என்றாலும், இழையை எண்ணுவதிலும் பின்புறத்தை மதிப்பதிலும் இரண்டு கலைகளும் ஒரே குணம் கொண்டவை என்று எனக்குத் தோன்றுகிறது.

மேசை விரிப்பு முதல் கட்டப்படம் வரை

கான்வாஸ் வேலை இங்கிலாந்தில் பெருகியது 16ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில். அக்காலச் செல்வர் வீடுகளில் மெத்தை பொதிந்த இருக்கைகள் அரிது. மரப்பெட்டிகளிலும் பெஞ்சுகளிலும் உட்கார்ந்தார்கள். அவற்றின் மேல் போடத் திண்டுகள் வேண்டியிருந்தன. துருக்கியிலிருந்து வந்த கம்பளங்கள் விலை மிகுந்தவை என்பதால் அவற்றைத் தரையில் போடாமல் மேசை மேல் விரித்தார்கள். அந்தக் கம்பளங்களின் இடத்தில் ஊசியால் செய்த விரிப்புகளும் வந்தன. லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள பிராட்ஃபோர்டு மேசை விரிப்பு அவ்வகையில் பெயர்பெற்றது. ஏறத்தாழ 4 மீட்டர் நீளமுள்ள அந்த லினன் கான்வாஸ் முழுவதும் பட்டு நூலால் சாய்வுத் தையல் போடப்பட்டிருக்கிறது. நடுவே திராட்சைக் கொடிப் பந்தல்; ஓரத்தில் வேட்டையும் மீன்பிடிப்பும் ஆலைகளுமாக நாட்டுப்புற வாழ்க்கை.

அதே காலத்தில் ஒரு சிறைக்குள்ளும் இந்த வேலை நடந்தது. ஸ்காட்லாந்து அரசி மேரி 1568இல் இங்கிலாந்துக்குத் தப்பி வந்து, 1587இல் சிரச்சேதம் செய்யப்படும் வரை அங்கே காவலில் இருந்தார். 1569 முதல் பல ஆண்டுகள் அவரைக் காவலில் வைத்திருந்தவர் ஷ்ரூஸ்பரி பிரபு. பிரபுவின் மனைவி, ‘ஹார்ட்விக் பெஸ்’ என்று வரலாறு அழைக்கும் எலிசபெத், மேரியோடு அமர்ந்து தைத்தார். இருவரும் அவர்களைச் சேர்ந்தவர்களும் செய்த சிறு சிறு கான்வாஸ் துண்டுகள் பின்னர் பச்சை வெல்வெட்டில் பொருத்தப்பட்டு, இன்று ஆக்ஸ்பரோ தொங்கல்கள் என்ற பெயரில் நார்ஃபோக்கில் உள்ள ஆக்ஸ்பரோ மாளிகையில் இருக்கின்றன. அவற்றிலுள்ள பல விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் மீன்களுக்கும் மூலம், சுவிட்சர்லாந்து இயற்கையியலாளர் கான்ராட் கெஸ்னரின் நூல்களில் இருந்த மரக்கட்டைப் படங்கள். அச்சில் கறுப்பு வெள்ளையாக இருந்த உருவத்துக்கு நிறம் தேர்ந்து, வளைகோட்டைப் படிப்படியாக உடைத்துக் கட்டத்துக்குள் கொண்டுவந்தது தைத்தவரின் வேலை. இன்றும் ஒரு படத்தைக் கான்வாஸுக்கு மாற்றுகிறவர் செய்வது அதைத்தான்.

17, 18ஆம் நூற்றாண்டுகளில் இந்த வேலை நாற்காலிகளுக்குப் போயிற்று. உருவங்களின் முகத்தையும் கையையும் நெருக்கமான சிறு தையலில் செய்வது பெட்டி பாயின்ட். பின்னணியைப் பெரிய தையலில் நிரப்புவது குரோ பாயின்ட். பிரெஞ்சுக்காரர் வைத்த இந்த இரண்டு பெயர்களும் இன்றுவரை வழங்குகின்றன.

பெரிய மாற்றம் பெர்லினில் நிகழ்ந்தது. கட்டம் போட்ட மாதிரிப் புத்தகங்கள் 16ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியிலும் இத்தாலியிலும் அச்சாகியிருந்தாலும் அவற்றில் நிறம் இல்லை. 1804இல் பிலிப்சன் என்ற அச்சு வணிகர் கட்டத்தாளில் வண்ணப் படங்களை வெளியிட்டார். 1810 முதல் விட்டிஷ் என்பவர் அதை இன்னும் செம்மையாகச் செய்தார். செப்புத்தகட்டில் கட்டங்களை அச்சிட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் கையால் வண்ணம் தீட்டுவது அவர்கள் முறை. ஒரு கட்டம் ஒரு தையல் என்பதால், ஓவியம் வரையத் தெரியாதவரும் எண்ணத் தெரிந்திருந்தால் ரோஜாக்கொத்தைத் தைத்துவிடலாம். 1831இல் லண்டன் ரீஜென்ட் தெருவில் வில்க்ஸ் என்ற வணிகர் இந்தப் படங்களையும் இதற்கான மென்மையான மெரினோ கம்பளியையும் இறக்குமதி செய்யத் தொடங்கிய பிறகு, இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு ‘பெர்லின் கம்பளி வேலை’ நுழைந்தது. 1856இல் வேதியியலாளர் பெர்கின் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்ததைத் தொடர்ந்து பளிச்சென்ற நிறங்களும் வந்து சேர்ந்தன. அக்காலப் பூக்கள் சில கண்ணைக் கூச வைக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடில்லாமல் யாரும் பின்பற்றக்கூடிய வண்ணக் கட்டப்படத்தை அந்தக் காலம் தந்தது; மேட்டித் துணிக்கென்று நம் ஊர்க் கடைகளில் விற்கும் படங்களும் அந்த வழியில் வந்தவையே.

அந்த மோகத்தின் மீது சலிப்பு ஏற்பட்டு, கைத்தேர்ச்சியை மீட்க வேண்டும் என்ற நோக்கத்தோடு 1872இல் லண்டனில் பூத்தையலுக்கான பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. ராயல் ஸ்கூல் ஆஃப் நீடில்ஒர்க் என்ற பெயரில் அது இன்றும் நடக்கிறது. 1931இல் பூத்தையல் வல்லுநர் லூயிசா பெசல் வின்செஸ்டர் பேராலயத்துக்காகத் தன்னார்வலர்களைத் திரட்டி, முழந்தாளிடும் மெத்தைகளையும் இருக்கைத் திண்டுகளையும் கான்வாஸில் செய்யத் தொடங்கினார். பிரிட்டிஷ் அரசி மேரி முதுமையில், 1940களில், 12 துண்டுகளாகத் தைத்து இணைத்த கம்பளம் 1950இல் விற்கப்பட்டு, இன்று கனடா தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. பெரிய வேலையைத் துண்டு துண்டாகச் செய்து இணைக்கலாம் என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

எவற்றை வாங்குவது

முதல் முயற்சிக்கு, குண்டூசிகளைக் குத்தி வைக்கும் 4 அங்குலச் சதுரமான ஊசித்திண்டு போதும். 12 இழைக் கான்வாஸில் அது 48 தையல் அகலம், 48 தையல் உயரம், மொத்தம் 2,304 தையல். நிமிடத்துக்குப் பத்துத் தையல் என்ற நிதானத்தில் தைத்தால் நான்கு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சாய்வுநாற்காலித் திண்டில் தொடங்கிப் பாதியில் அலமாரியில் வைத்துவிட்டவர்கள் பலர். ஆசை பெரிதாக இருப்பதில் தவறில்லை, முதல் துண்டு சிறிதாக இருக்கட்டும்.

கான்வாஸில் மூன்று வகைகளை அறிந்தால் போதும். ஒற்றை இழைக் கான்வாஸில் பாவும் ஊடையும் சாதாரண நெசவுபோல் மேலும் கீழுமாகப் போகும். இழைகள் சற்றே நகரக்கூடியவை. இழைகள் ஒன்றையொன்று முறுக்கிப் பிடித்திருக்கும் பூட்டு இழைக் கான்வாஸ் பிரியாது, நகராது. ஆனால் இழுபடும் பொருளுக்குக் கொடுத்து வளையும் தன்மை அதற்குக் குறைவு. இரட்டை இழைக் கான்வாஸுக்குப் பெனலப்பி என்று பெயர். கணவன் திரும்பி வரும்வரை பகலில் நெய்ததை இரவில் பிரித்துக் காலத்தைக் கடத்திய கிரேக்கக் காவியத்துப் பெண்ணின் பெயர் அது. இந்தக் கான்வாஸில் இரட்டை இழையை ஒன்றாகக் கொண்டால் பெரிய தையல், ஊசியால் விலக்கித் தனித்தனியாகக் கொண்டால் சிறிய தையல் என்று ஒரே துண்டில் இரண்டு அளவுகளையும் போடலாம். நம் ஊசித்திண்டுக்கு 12 இழை ஒற்றைக் கான்வாஸ் வாங்குங்கள். நெசவின் குணம் கைக்குப் புரிவது அதில்தான்.

நூலுக்கு, கான்வாஸ் வேலைக்கென்றே விற்கும் டேப்பஸ்ட்ரி கம்பளி சிறந்தது. ஸ்வெட்டர் பின்னும் கம்பளியைப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது நீண்டு சுருங்கும் தன்மையுள்ளது, கான்வாஸ் கண்ணின் உராய்வில் பஞ்சு பஞ்சாகப் பிரியும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கம்பளி கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் 18 இழைக் கான்வாஸை எடுத்துக்கொண்டு, எல்லாக் கடையிலும் கிடைக்கும் ஆறு புரிப் பருத்தி எம்பிராய்டரி நூலைப் பயன்படுத்தலாம். எத்தனை புரி வேண்டும் என்பதை ஓரத்தில் பத்துத் தையல் போட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்: தையல்களுக்கு இடையே கான்வாஸ் வெள்ளையாகத் தெரிந்தால் நூல் போதவில்லை, ஊசியை இழுக்கும்போது கான்வாஸ் இழைகள் விலகினால் நூல் மிகுதி. ஊசித்திண்டு முழுவதற்கும் ஏறத்தாழ 20 மீட்டர் கம்பளி பிடிக்கும். பின்னணிக்கு வேண்டிய நூலை ஒரே சாயத் தொகுதியிலிருந்து ஒரேயடியாக வாங்கிவிடுங்கள். அடுத்த மாதம் அதே எண்ணுள்ள நூலை வாங்கினாலும் நிறம் மயிரிழை மாறும். அந்த மயிரிழை, பரந்த பின்னணியில் பட்டையாகத் தெரியும்.

ஊசி மழுங்கிய முனையும் நீண்ட காதும் கொண்ட டேப்பஸ்ட்ரி ஊசியாக இருக்க வேண்டும். 12 இழைக்கு 18 அல்லது 20ஆம் எண், 18 இழைக்கு 22ஆம் எண். கூர் ஊசி இழையைக் குத்திப் பிளந்துவிடும். கான்வாஸை 8 அங்குலச் சதுரமாக வெட்டி, அதாவது நாற்புறமும் 2 அங்குலம் கூடுதலாக விட்டு, விளிம்புகளில் மாஸ்கிங் டேப்பை மடித்து ஒட்டுங்கள்; இல்லாவிட்டால் வெட்டிய இழைமுனைகள் கம்பளியைக் கொக்கிபோல் இழுத்துக்கொண்டே இருக்கும். வெட்டுவதற்கு முன்பே, கரை (நெசவிலேயே அமைந்த பிரியாத விளிம்பு) இடப்பக்கமோ வலப்பக்கமோ இருக்கும்படி பிடித்து, மேல் விளிம்பில் ஓர் அடையாளம் போட்டுவிடுங்கள். அந்த அடையாளத்தின் அருமை, பின்னால் வரும் கூடைப் பின்னல் தையலில் தெரியும்.

படத்தைக் கான்வாஸில் சேர்ப்பது

கட்டத்தாளில் வரைந்த படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணித் தைப்பதே என் வழக்கம். இங்கே தொடக்கக்காரர் எல்லோரும் ஒரு முறையாவது தடுமாறும் இடம் உண்டு. தாளில் உள்ள ஒரு கட்டம், கான்வாஸில் ஒரு கண்ணைக் குறிப்பதில்லை. இரண்டு இழைகள் சந்திக்கும் புள்ளியைக் குறிக்கிறது. 48 தையலுக்கு 48 இழை வேண்டும். கண்களை எண்ணினால் 49 வரும். கண்ணை எண்ணுகிறவருக்குப் படம் ஒரு பக்கம் ஒன்று குறைந்து நிற்கும். புள்ளி வைத்துக் கோலம் போடுகிறவர்களுக்கு நடுவிலிருந்து எண்ணுவது கைவந்த பழக்கம். இங்கும் கான்வாஸை நான்காக மடித்து நடுவைக் கண்டுபிடித்து, அங்கிருந்து இருபுறமும் எண்ணுங்கள். பத்து இழைக்கு ஒருமுறை விளிம்பில் குறியிட்டுக்கொண்டால் எண்ணிக்கை தவறாது.

எண்ணப் பொறுமையில்லாதவர்கள் படத்தை அடியில் வைத்துக் கான்வாஸின் மேலேயே வரையலாம். பேனாவின் மை நீரில் கரையாதது என்று உறையில் எழுதியிருந்தாலும் நம்பிவிடாதீர்கள். ஒரு கான்வாஸ் துண்டில் கோடு போட்டு, ஒரு நாள் காயவிட்டு, ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வேலை முடிந்தபின் நனைத்து இழுக்கப் போகிறோம். அப்போது மை கசிந்து வெளிர்நிறக் கம்பளியில் ஏறினால் அதை எடுக்க வழியே இல்லை.

சாய்வுத் தையலின் மூன்று முகங்கள்

சாய்வுத் தையலை ஆங்கிலேயர் டென்ட் தையல் என்பார்கள். முன்புறத்தில் ஒவ்வொரு தையலும் கீழ் இடக் கண்ணில் எழுந்து, ஒரு சந்திப்பைச் சாய்வாகத் தாண்டி, மேல் வலக் கண்ணில் இறங்கும். இதை மூன்று விதமாகப் போடலாம். மூன்றுக்கும் முன்புறம் ஒன்றுபோல்தான் இருக்கும், பின்புறம் மட்டும் வேறு.

அரைக் குறுக்குத் தையல் இடமிருந்து வலமாகப் போகும். மேல் வலக் கண்ணில் இறங்கிய ஊசி, நேர் கீழே உள்ள கண்ணில் எழும். பின்புறம் குட்டையான நிமிர்ந்த கோடுகள் மட்டுமே இருக்கும். நூல் மிச்சமாகும், ஆனால் படுகை மெலிந்தது. ஒற்றை இழைக் கான்வாஸில் இந்தத் தையல் இழைகளுக்கு நடுவே நழுவிப்போகும் என்பதால், பூட்டு இழையிலும் பெனலப்பியிலும் மட்டுமே போட வேண்டும். சுவரில் மாட்டும் படத்துக்கு இது போதும்; உட்காரும் பொருளுக்குப் போதாது.

கான்டினென்டல் தையல் வலமிருந்து இடமாகப் போகும். இறங்கிய ஊசி, பின்பக்கம் இரண்டு இழை இடமும் ஓர் இழை கீழுமாகச் சாய்ந்து சென்று எழும். படுகை தடிப்பாக இருக்கும். ஆனால் முன்னும் பின்னும் எல்லா நூலும் ஒரே திசையில் சாய்ந்து இழுப்பதால் கான்வாஸ் கோணிக்கொள்ளும். என் முதல் மூக்குக்கண்ணாடி உறையை முழுக்க இந்தத் தையலிலேயே போட்டேன். தைக்கும் நாள்களில் எதுவும் தெரியவில்லை. முடித்து மேசையில் வைத்தபோது, செவ்வகமாகத் தொடங்கியது ஒரு பக்கம் தள்ளி நின்றது; ஒரு மூலை மற்றதைவிட ஒரு விரல் அகலம் மேலே போயிருந்தது. ஒற்றை வரிசைக்கும், மெல்லிய கோட்டுக்கும், பூவின் காம்புக்கும் கான்டினென்டல் இன்றியமையாதது; பரப்பை நிரப்ப அதைக் கொண்டு வராதீர்கள்.

பரப்பை நிரப்பக் கூடைப் பின்னல் தையல் இருக்கிறது. இதைக் கற்றுக்கொண்டவர் மற்றவற்றுக்குத் திரும்புவதில்லை. வரிசைகள் கிடையாக ஓடாமல் மூலைவாட்டில் ஓடும். ஒரு வரிசை இறங்கும், அடுத்தது ஏறும். பரப்பின் மேல் வலது மூலையில் முதல் தையலைப் போடுங்கள். இரண்டாவதை அதன் இடப்பக்கத்திலும், மூன்றாவதை முதல் தையலுக்கு நேர் கீழேயும் போடுங்கள்: இது இறங்கும் வரிசை. நான்காவது, மூன்றாவதற்கு நேர் கீழே. ஐந்தாவது, அதிலிருந்து மூலைவாட்டில் இடது மேலே. ஆறாவது, இன்னும் இடது மேலே முதல் கிடைவரிசையில்: இது ஏறும் வரிசை. இறங்கும்போது ஊசி பின்பக்கம் இரண்டு இழைகளுக்கு அடியில் செங்குத்தாகவும், ஏறும்போது கிடையாகவும் போகும். நான்கைந்து வரிசை போட்டபின் கான்வாஸைத் திருப்பிப் பாருங்கள்: நெட்டையும் கிடையுமாக நூல்கள் மாறி மாறிக் கூடை முடைந்ததுபோல் இருக்கும். ஒன்று இழுக்கும் திசையை மற்றது தடுப்பதால் கான்வாஸ் வெகு குறைவாகவே கோணும்.

ஒற்றை இழைக் கான்வாஸ் இதில் நமக்கு வழியும் காட்டுகிறது. உற்றுப் பார்த்தால், சில சந்திப்புகளில் நெட்டிழை மேலே இருக்கும், சிலவற்றில் கிடையிழை மேலே இருக்கும். மூலைவாட்டில் ஒரு கோட்டில் உள்ள சந்திப்புகள் எல்லாம் ஒரே மாதிரி, அடுத்த கோட்டில் எல்லாம் மாறி இருக்கும். நெட்டிழை மேலே உள்ள கோட்டில் இறங்குங்கள், கிடையிழை மேலே உள்ள கோட்டில் ஏறுங்கள். கம்பத்தில் வழுக்கி இறங்குவது, படியில் ஏறுவது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். அடுத்தடுத்த இரண்டு வரிசைகளை ஒரே திசையில் போட்டுவிட்டால் அங்கே முன்புறத்தில் மெல்லிய மேடு விழும். சாய்ந்த வெளிச்சத்தில் அது தழும்புபோல் தெரியும். வேலையை எடுத்து வைக்கும்போது வரிசையின் நடுவில் நிறுத்துங்கள், மறுநாள் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தோம் என்பது தெரியும். கரையைப் பக்கவாட்டில் வைத்து மேல் விளிம்பில் போட்ட அடையாளம் இங்குதான் உதவுகிறது: கான்வாஸைக் கால்வாசி திருப்பிப் பிடித்தால் தையலின் சாய்வே மாறிவிடும்.

கைப்பழக்கத்தில் சில

நூலை 45 சென்டிமீட்டருக்கு மேல் வெட்டாதீர்கள். ஒவ்வொரு கண்ணிலும் உராய்ந்து உராய்ந்து நூலின் கடைசிப் பகுதி மெலிந்துவிடும். கம்பளியைக் காதில் கோக்க நாவால் ஈரப்படுத்த வேண்டாம். நூலை ஊசியின் மேல் மடித்து இறுக்கி, ஊசியை உருவி, விரல்களுக்கு நடுவே துளியாகத் தெரியும் மடிப்பின் மேல் காதை அழுத்துங்கள், தானே நுழையும்.

பின்புறத்தில் முடிச்சு வேண்டாம். நூல்முனையில் ஒரு முடிச்சிட்டு, தைக்கப் போகும் பாதையில் 3 சென்டிமீட்டர் தள்ளி, முன்புறத்திலிருந்து உள்ளே இறக்குங்கள். தைத்துக்கொண்டு வரும்போது பின்னால் கிடக்கும் நூல், தையல்களின் அடியில் மூடப்படும். முடிச்சை நெருங்கியதும் அதை வெட்டிவிடுங்கள். முடிக்கும்போது ஊசியைப் பின்புறத் தையல்களின் அடியில் 3 சென்டிமீட்டர் ஓட்டி வெட்டுங்கள். கருநிற நூலின் முனையை வெளிர்நிறத் தையல்களின் அடியில் ஓட்டினால், அதன் பஞ்சு முன்புறத்தில் எட்டிப் பார்க்கும்.

ஊசி எழுவது காலிக் கண்ணிலும், இறங்குவது ஏற்கெனவே நூல் உள்ள கண்ணிலும் இருக்கட்டும். இறங்கும் நூல் பக்கத்து நூலின் பஞ்சையும் தன்னோடு கீழே அழுத்திக்கொண்டு போகும். எழும் நூல் அதை மேலே கிளப்பிவிடும். மேல் வலது மூலையில் தொடங்கச் சொன்னதன் காரணமும் இதுதான்: அங்கிருந்து தொடங்கினால் இந்த ஒழுங்கு தானாக அமைகிறது. நூல் முறுக்கேறினால் ஊசியைக் கீழே தொங்கவிடுங்கள், சுற்றிச் சுற்றித் தானே பிரியும். மடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொண்டு தைத்தால் கான்வாஸின் கண்கள் தெளிவாகத் தெரியும்.

பிரிக்க நேர்ந்தால் முன்புறத்தில் ஒவ்வொரு தையலாகச் சிறு கத்தரியால் வெட்டி, பின்புறத்திலிருந்து இடுக்கியால் எடுங்கள். பிரித்த கம்பளியை மீண்டும் பயன்படுத்தக் கூடாது. கான்வாஸ் இழையே அறுந்துவிட்டால் பதற வேண்டாம்: ஒரு சிறு கான்வாஸ் துண்டை அடியில் வைத்து, கண்களுக்குக் கண் பொருத்தி, இரண்டையும் சேர்த்துத் தைத்தால் போதும்.

அலைத் தையல்

சாய்வுத் தையல் சலிக்கும்போது, பார்ஜெல்லோவை முயன்று பாருங்கள். ஃபிளாரன்ஸ் நகரத்துப் பார்ஜெல்லோ மாளிகையில், இன்று அருங்காட்சியகமாக இருக்கும் இடத்தில், தீச்சுடர்போல் அலையலையாகத் தைத்த 17ஆம் நூற்றாண்டு நாற்காலிகள் உள்ளன. தையலுக்கு அந்தப் பெயர் அங்கிருந்து ஒட்டிக்கொண்டது. இதில் தையல்கள் சாயாமல் நிமிர்ந்து நிற்கும். ஒவ்வொன்றும் நான்கு கிடையிழைகளைத் தாண்டும். அடுத்தது இரண்டு இழை மேலேயோ கீழேயோ தொடங்கும். ஏறி இறங்கும் முதல் வரிசையை நடுவிலிருந்து இருபுறமும் பிழையில்லாமல் போட்டுவிட்டால், மற்ற வரிசைகள் எல்லாம் அதன் நிழல்போல் வேறு வேறு நிறத்தில் பின்தொடரும்; எண்ண வேண்டிய வேலை அந்த முதல் வரிசையோடு முடிந்தது. ஒரே நிறத்தின் நான்கு சாயல்களை வெளிரிலிருந்து அடர்வுக்கு அடுக்கினால் சுடர் அசைவதுபோல் இருக்கும். நிமிர்ந்த தையல், சாய்ந்த தையலைவிடக் கான்வாஸை மூடுவது கடினம் என்பதால் நூலில் ஒரு புரி கூட்டிக்கொள்ளுங்கள்.

நனைத்து நேராக்குவது

தைத்து முடித்த கான்வாஸ் எவ்வளவு கவனமாகச் செய்தாலும் சற்றுக் கோணியே இருக்கும். கான்வாஸில் உள்ள கஞ்சி நீரில் இளகி, காயும்போது மறுபடி விறைக்கும். அந்த இளகிய நேரத்தில் சதுரமாக இழுத்துப் பிடிப்பதுதான் இந்த வேலை. முதலில் ஈரமான வெள்ளைத் துணியை ஒவ்வொரு நிறத்தின் மேலும் அழுத்தி, சாயம் போகிறதா என்று பாருங்கள். போகாவிட்டால், ஒரு மரப்பலகையில் வெள்ளைத் துணியை விரித்து, கரையாத மையால் 8 அங்குலச் சதுரம் வரைந்து, தையலை நீர் தெளித்து ஈரமாக்கி, முன்புறம் கீழே இருக்கும்படி அதன் மேல் வையுங்கள். நான்கு பக்கங்களின் நடுவில் முதலில் ஊசியடித்து, பிறகு மூலைகளை நோக்கி, 2 சென்டிமீட்டருக்கு ஒன்றாக, கான்வாஸின் விளிம்பு கோட்டோடு ஒன்றும்படி இழுத்து அடித்துக்கொண்டே போங்கள். தையல் உள்ள பகுதியில் ஊசி படக் கூடாது.

ஊசிகள் துருப்பிடிக்காதவையாக இருக்க வேண்டும். நான் வீட்டில் கிடந்த சாதாரணக் குண்டூசிகளை ஒருமுறை பயன்படுத்தினேன். மழைக்காலம், காய இரண்டு நாள் ஆயிற்று. எடுத்தபோது விளிம்பு முழுவதும் பழுப்புப் புள்ளிகள். தையலை ஒட்டி அடித்த ஓர் ஊசியின் கறை வெளிர் மஞ்சள் கம்பளிக்குள்ளும் ஏறியிருந்தது. அந்த இடத்தைப் பிரித்துப் புதிதாகத் தைத்தேன்.

வெயிலில் வைக்காமல், மின்விசிறிக் காற்றில், முழுக்கக் காயும்வரை விட்டுவிடுங்கள். தொடும்போது குளிர்ச்சி தட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். மிகவும் கோணிய துண்டுக்கு இதை இரண்டு முறை, மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். என் கண்ணாடி உறை மூன்றாம் முறையில்தான் நேரானது.

ஊசித்திண்டாக முடிப்பது

தையலைச் சுற்றி ஒன்றரை சென்டிமீட்டர் கான்வாஸ் விட்டு வெட்டி, அந்த ஓரத்தில் தையல் இயந்திரத்தால் ஜிக்ஜாக் ஓட்டுங்கள். அதே அளவில் வெல்வெட்டோ தடித்த பருத்தித் துணியோ வெட்டி, முன்புறங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி சேர்த்து, பூத்தையலின் கடைசி வரிசையின் மேலேயே தையல் ஓடும்படி மூன்று பக்கமும் நான்காவதில் பாதியும் மூட்டுங்கள். வரிசைக்கு வெளியே ஓட்டினால், திருப்பியபின் விளிம்பில் வெறுங்கான்வாஸ் வெள்ளைக் கோடாகத் தெரியும். மூலைகளில் மிகுதியை வெட்டிக் குறைத்துவிட்டுத் திருப்பி, பின்னல் ஊசியின் மழுங்கிய முனையால் மூலைகளை வெளியே தள்ளுங்கள்.

உள்ளே நிரப்ப, தைக்கும்போது வெட்டி வெட்டிப் போட்ட கம்பளித் துணுக்குகளை முதல் நாளிலிருந்தே ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள். அவற்றை மூலைகளில் முதலில் இறுக்கமாகத் திணித்து, நடுவை மிச்சமுள்ள துணுக்குகளாலும், போதாத இடத்தைப் பஞ்சாலும் நிரப்பி, திறந்திருக்கும் பாதிப் பக்கத்தைப் பின்னணி நிறக் கம்பளியாலேயே நெருக்கமாகக் கையால் மூட்டிவிடுங்கள்.